உடைந்த ஓடுகளின் நகரம்

நுழையும்முன்

கைதவறி விழுந்த பீங்கான் தட்டு உடைந்தால் அதன் சில்லுகளைப் பெருக்கி அள்ளிக் குப்பையில் இடுகிறோம். அத்தகைய சில்லுகளைக் கொண்டே பூங்காவின் இருக்கைகளையும் சிற்பங்களையும் தேவாலயக் கோபுரங்களின் முகடுகளையும் அழகுபடுத்திய நகரம் ஒன்று உண்டு. அந்நகரின் கலை எவ்வாறு உருவானது, அதனை உருவாக்கியோர் யாவர், இன்று அது யாருக்கு உரியது என்பனவற்றை விளக்குகிறது இப்பாடம்.

புதிய ஊருக்குச் செல்வோர் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பது வழக்கம். பட்டியல் முடிந்ததும் பயணமும் முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். ஆயினும் ஓர் ஊரின் இயல்பு, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நடந்து செல்லும் வழியில்தான் பெரும்பாலும் புலப்படுகிறது. தெருவிளக்கு, நடைபாதைக் கல், பூங்காவின் இருக்கை, தேவாலய முற்றத்தின் நீரூற்று ஆகியன அவ்வூர் மக்கள் எதனை மதித்தனர் என்பதைச் சொல்லும். இவ்வாறு நடந்து அறிவதற்கு ஏற்ற நகரங்களுள் ஒன்று பார்சிலோனா.

பார்சிலோனா, ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்துள்ளது. கத்தலோனியா என்னும் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரம் இது. இங்கு ஸ்பானிய மொழியோடு கத்தலான் மொழியும் ஆட்சிமொழியாக விளங்குகிறது.

காலடியில் கலை

பார்சிலோனாவின் பழைய நகர்ப்பகுதியில் ரெயால் சதுக்கம் உள்ளது. அங்கே ஆறு கிளைகளுடன் நிற்கும் இரும்பு விளக்குத் தூண்களைக் காணலாம். அவற்றின் உச்சியில் உரோமானியரின் வணிகக் கடவுளான மெர்க்குரியின் சிறகுவைத்த தலைக்கவசம் பொருத்தப்பட்டுள்ளது. 1879ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இவ்விளக்குகள், அப்போதுதான் பட்டம் பெற்றிருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் நகராட்சிக்காக வடிவமைத்துத் தந்தவை. அவ்விளைஞரின் பெயர் அந்தோணி கௌடி. பின்னாளில் அந்நகரின் அடையாளமாகவே மாறிய கலைஞரின் முதற்பணிகளுள் ஒன்று, இரவில் தெருவில் நடப்போருக்கு ஒளிதரும் விளக்காக அமைந்தது.

நகரின் பெருஞ்சாலைகளுள் ஒன்றான கிராசியா நிழற்சாலையின் நடைபாதையில் அறுகோண வடிவ ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. கௌடி ஒரு கட்டடத்தின் உட்தரைக்காக முதலில் வரைந்த வடிவம், பின்னர் நடைபாதைக்கு வந்தது. நத்தை, விண்மீன் உயிரி முதலிய கடல்சார் உருவங்கள் அவற்றில் புடைப்பாக அமைந்துள்ளன. ஓர் ஓட்டை மட்டும் பார்த்தால் உருவம் முழுமையாகத் தெரியாது. ஏழு ஓடுகள் ஒன்றுசேரும்போதே வடிவம் நிறைவு பெறும்.

பழைய நகரிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் லா ராம்பிளா என்னும் அகன்ற நடைசாலையின் நடுவே, ஓவியர் ஜோவான் மிரோ வடிவமைத்த வட்ட வடிவ மொசைக் ஓவியம் தரையில் பதிக்கப்பட்டுள்ளது. 1976ஆம் ஆண்டு முதல் மக்கள் அதன்மீதே நடந்து செல்கின்றனர். வாசலில் இட்ட கோலத்தைப் போல, உலகறிந்த ஓவியர் ஒருவரின் படைப்பு வேலியும் காவலுமின்றித் தரையில் கிடக்கிறது. அதனை மிதித்துச் செல்வோருள் பலர் அதனை அறிவதுமில்லை.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், லா ராம்பிளாவில் நடந்துசென்ற மக்கள்மீது வன்முறையாளன் ஒருவன் ஊர்தியை ஏற்றிப் பலரைக் கொன்றான். அவ்வூர்தி இந்த ஓவியத்தின்மேல் வந்தே நின்றது. அடுத்து வந்த நாள்களில் மக்கள் அவ்விடத்திற்குத் திரண்டு வந்து மலர்களையும் மெழுகுவத்திகளையும் அதன்மீது வைத்தனர். அன்றாடம் மிதிபட்ட தரை, துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடமாயிற்று. துயரில் ஒன்றுகூடுவதற்கு ஊருக்குப் பொதுவான ஓரிடம் வேண்டும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

கன்னார் மகன்

கௌடி 1852ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் செம்புக் கலங்கள் செய்யும் கன்னார்கள். தட்டையான செம்புத் தகடு தந்தையின் சுத்தியல் அடியால் வளைந்து குடமாவதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு, வளைந்த பரப்புகளைப் பற்றிய அறிவு கைப்பழக்கமாகவே வாய்த்தது. இளமையில் மூட்டுவலி நோயால் துன்புற்ற அவர், ஓடியாட இயலாத பொழுதுகளில் மரம், செடி, பூச்சி முதலியவற்றைக் கூர்ந்து நோக்கி வந்தார். பின்னாளில் அவர் கட்டிய கட்டடங்களில் நேர்கோடுகள் குறைந்து வளைவுகள் மிகுந்தமைக்கு இவ்விரண்டும் அடிப்படைகளாயின.

வளைந்த பரப்பில் ஓடு பதிப்பது எளிதன்று. தட்டையான சதுர ஓட்டினை உருண்டையான பரப்பின்மேல் வைத்தால் அதன் மூலைகள் பரப்பினைத் தொடாமல் தூக்கி நிற்கும். ஆனால் அதே ஓட்டினைச் சிறுசிறு சில்லுகளாக உடைத்துப் பதித்தால், எந்த வளைவின்மீதும் அவை படிந்து பொருந்தும். இம்முறையைக் கத்தலான் மொழியில் 'திரென்காதிஸ்' என்பர். உடைத்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கழித்து ஒதுக்கப்பட்ட ஓடுகளும் உடைந்த பாத்திரங்களும் இதற்குப் போதுமானவை. பொருள்செலவு குறைவு, ஆயின் எந்தச் சில்லை எங்கு வைப்பது என்று தேரும் கண்ணும் கையும் வேண்டும்.

விலைபோகாத மனைகள்

நகரின் புறத்தே, கடலைப் பார்த்த குன்றின் சரிவில் செல்வர்களுக்கான குடியிருப்பு ஒன்றை உருவாக்க யூசெபி குயெல் என்னும் தொழிலதிபர் விரும்பினார். அப்பணி கௌடியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏறத்தாழ 60 மனைகள் திட்டமிடப்பட்டன. ஆனால், இடம் நகருக்குத் தொலைவில் இருந்தது. போக்குவரத்து வசதியும் போதவில்லை. வீடு கட்டுவதற்கான விதிகளும் கடுமையாக இருந்தன. மனைகள் விலைபோகவில்லை. 1914ஆம் ஆண்டில் பணிகள் நின்றன. திட்டம் தோற்றது. 1922ஆம் ஆண்டில் நகராட்சி அவ்விடத்தை விலைக்கு வாங்கி, 1926இல் பொதுப்பூங்காவாகத் திறந்தது. சில செல்வர்களின் தோட்டமாக இருந்திருக்க வேண்டிய குன்று இவ்வாறு ஊர்மக்களின் பூங்காவாக மாறியது. குயெல் பூங்கா என்று வழங்கும் அதனை 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இப்பூங்காவில் 86 தூண்கள் தாங்கும் ஒரு மண்டபம் உள்ளது. குடியிருப்போரின் சந்தைக்கூடமாக அது கருதப்பட்டது. மண்டபத்தின் மேற்பரப்பே ஒரு பெரிய திடல். அத்திடலின் விளிம்பைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்து செல்லும் நீண்ட இருக்கை முழுவதும் வண்ணச் சில்லுகளால் ஆனது. அதன் வண்ண அமைப்பில் கௌடியின் உடனுழைப்பாளர் ஜோசெப் மரியா ஜூஜோலின் பங்கு பெரிது. மண்டபத்தின் விதானத்தில் அவர் அமைத்த வட்டப் பதக்கங்களில் உடைந்த தட்டுகளும் குவளைகளும் கண்ணாடிப் புட்டிகளும் இடம்பெற்றுள்ளன.

இவ்வழகினுள் ஒரு பயன்பாடும் மறைந்துள்ளது. திடலில் பெய்யும் மழைநீர் மண்ணில் வடிந்து, தூண்களின் உள்ளே அமைந்த குழாய்கள் வழியாக இறங்கி, மண்டபத்தின் கீழுள்ள பெருந்தொட்டியில் சேர்கிறது. தொட்டி நிறைந்தால் மிகுநீர், படிக்கட்டில் அமர்ந்துள்ள பல்வண்ணப் பல்லியுருவின் வாய்வழியே வெளியேறும். பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அவ்வுருவம் உண்மையில் ஒரு நீர்த்தொட்டியின் மடைவாய் ஆகும்.

குன்றின் சரிவில் பாதைகள் அமைக்கும்போது மண்ணை வெட்டிச் சமன்செய்வதைக் கௌடி இயன்றவரை தவிர்த்தார். அவ்விடத்திலேயே கிடைத்த கரடுமுரடான கற்களால் பாலங்களைக் கட்டி அவற்றின்மேல் பாதைகளைக் கொண்டு சென்றார். இருந்த மரங்களைக் காத்ததோடு, மிகுதியான நீர் வேண்டாத மத்தியதரைப் பகுதித் தாவரங்களையும் வளர்த்தார். பாலத்தின் தூண் எது, மரத்தின் அடி எது என்று மயங்கும்படி கல்லும் மரமும் அங்கே கலந்து நிற்கின்றன.

தொங்கும் சங்கிலியும் நிமிர்ந்த கோபுரமும்

சக்ரதா பமீலியா என்பதற்குத் திருக்குடும்பம் என்று பொருள். இப்பெயர் கொண்ட பேராலயத்தைக் கட்டும் முயற்சியைத் தொடங்கியவர் அரசரோ ஆயரோ அல்லர். ஜோசெப் மரியா பொக்காபெல்லா என்னும் புத்தக வணிகர். இறையன்பர்களின் காணிக்கையால் மட்டுமே எழுப்பப்பட வேண்டிய பாவப் பரிகாரக் கோவிலாக இது கருதப்பட்டது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் விலகியதால், 1883ஆம் ஆண்டில் கௌடியிடம் பணி வந்தது. அப்போது அவருக்கு அகவை 31. இறக்கும்வரை 43 ஆண்டுகள் அதனோடு அவர் வாழ்ந்தார்.

உயர்ந்த கற்கட்டடங்களின் சுவர்கள் வெளிப்புறம் சரிந்துவிடாமல் தாங்குவதற்கு, ஐரோப்பியத் தேவாலயங்களில் வெளியே முட்டுச்சுவர்கள் அமைப்பது மரபு. கௌடி வேறுவழி கண்டார். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால், அது தன் எடையாலேயே ஒரு வளைவினைக் கொள்ளும். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இழுவிசை மட்டுமே செயல்படும். அவ்வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால், இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்துவிசையாக மாறும். கல் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே, அவ்வளைவே கல்லுக்கு மிகவும் ஏற்றது. பார்சிலோனாவை அடுத்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தேவாலயத்திற்காகக் கௌடி, நூல்களில் சிறிய ஈயக்குண்டுப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பல ஆண்டுகள் ஆய்ந்தார். அவற்றை ஒளிப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பியபோது கட்டடத்தின் தோற்றம் கிடைத்தது. கணினி இல்லாத காலத்தில் புவியீர்ப்பையே தமக்காகக் கணக்கிட வைத்தார் எனலாம்.

அவ்வாய்வின் பயனைச் சக்ரதா பமீலியாவின் உள்ளே நின்று காணலாம். தூண்கள் ஓரளவு உயர்ந்தபின் மரங்களைப்போலக் கிளைத்துக் கூரையைத் தாங்குகின்றன. தாங்கவேண்டிய எடைக்கேற்ப மணற்கல், கருங்கல் முதலிய நால்வகைக் கற்கள் அவற்றில் பயன்படுத்தப்பட்டுள்ளன. ஞாயிறு எழும் திசையிலுள்ள சாளரங்களில் நீலமும் பச்சையும், மறையும் திசையில் சிவப்பும் செம்மஞ்சளும் கொண்ட கண்ணாடிகள் பதிக்கப்பட்டுள்ளன. காலையில் குளிர்ந்த நிறத்திலும் மாலையில் தழல் நிறத்திலும் ஒளி உள்ளே நிறைகிறது. ஓங்கிய மரத்தோப்பினுள் நிற்கும் உணர்வை அது தருகிறது.

கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அப்பகுதிச் சிறுவர்களும் பயில்வதற்காக, கோவில் வளாகத்திலேயே 1909ஆம் ஆண்டில் கௌடி ஒரு சிறிய பள்ளியைக் கட்டினார். மெல்லிய செங்கற்களாலான அதன் கூரை அலைபோல் வளைந்தது. அவ்வளைவே அதற்கு வலிமை தருகிறது. கோபுரங்களை அண்ணாந்து பார்ப்போர் இச்சிறு கட்டடத்தையும் காணாமல் வரலாகாது.

[தெரிந்து தெளிவோம்: கிறிஸ்துவின் பிறப்பைச் சித்திரிக்கும் கிழக்கு முகப்பில் இரு தூண்களின் அடியில் இரண்டு ஆமைச் சிற்பங்கள் உள்ளன. கடற்பக்கம் இருப்பது கடலாமை. மலைப்பக்கம் இருப்பது நிலத்தாமை. இம்முகப்பும் நிலவறைக் கோவிலும் 2005ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னத்தில் சேர்க்கப்பட்டன.]

சில்லுகளிலிருந்து மீண்ட கோவில்

1926ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சாலையைக் கடக்கையில் டிராம் வண்டி மோதிக் கௌடி வீழ்ந்தார். எளிய பழைய உடையணிந்திருந்த முதியவரை இரவலர் என்றே கண்டோர் கருதினர். ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். அடையாளம் தெரிந்தபின்னும் பயனின்றி, ஜூன் 10ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் உயிருடன் இருந்தபோது நிறைவுற்ற மணிக்கோபுரம் ஒன்றே ஒன்று. திட்டமிட்டவையோ 18 கோபுரங்கள்.

1936ஆம் ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போது நிலவறைக் கோவில் தீக்கிரையானது. கௌடியின் வரைபடங்கள் எரிந்தன. அவர் விட்டுச்சென்ற சுண்ணச்சாந்து மாதிரிகள் அடித்து நொறுக்கப்பட்டன. எஞ்சியவை குவியலாகக் கிடந்த சில்லுகளே. அவருடைய வழிவந்தோர் அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பாதுகாத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அவர் பயன்படுத்திய வடிவக் கணித விதிகளை மீட்டெடுத்தனர். பிற்காலத்தில் நியூசிலாந்தைச் சேர்ந்த மார்க் பர்ரி முதலியோர் கணினியின் துணையுடன் அப்பணியைத் தொடர்ந்தனர். எட்சுரோ சோட்டோ என்னும் ஜப்பானியச் சிற்பி 1978 முதல் பிறப்பு முகப்பிற்குச் சிற்பங்கள் செதுக்கினார். ஜோசெப் மரியா சுபிராக்ஸ், கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் மேற்கு முகப்பினைக் கௌடியின் பாணியைப் பின்பற்றாமல் கூர்ங்கோண உருவங்களால் அமைத்தார். அது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. ஒருவருடைய கனவைப் பிறர் தொடரும்போது அவருடைய கையெழுத்தையும் அப்படியே எழுத வேண்டுமா என்னும் வினாவுக்கு இன்றும் ஒருமித்த விடையில்லை.

2010ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இதனைப் பேராலயமாக அருட்பொழிவு செய்தார். நடுவண் கோபுரம் 172.5 மீட்டர் உயரம் கொள்ளும் வகையில் திட்டமிடப்பட்டது. மனிதன் எழுப்புவது இறைவன் படைத்த குன்றினை விஞ்சலாகாது என்று கருதிய கௌடி, அருகிலுள்ள மொன்சூயிக் குன்றினும் சற்றுத் தாழவே அவ்வுயரத்தை வகுத்தார்.

மலர் முற்றங்கள்

பார்சிலோனாவின் பழைய மறைமாவட்டத் தலைமைக் கோவிலில், தூண்நடை சூழ்ந்த முற்றம் ஒன்று உள்ளது. அங்கே 13 வெள்ளை வாத்துகள் வளர்க்கப்படுகின்றன. 13 அகவையில் உயிர்த்தியாகம் செய்ததாகக் கூறப்படும் புனித யூலாலியாவின் நினைவாக இவ்வழக்கம் நிலவுகிறது. நற்கருணைப் பெருவிழாவின்போது இம்முற்றத்தின் நீரூற்று மலர்களாலும் கனிகளாலும் அணிசெய்யப்படும். மேலெழும் நீர்த்தாரையின்மீது உள்ளீடு நீக்கிய முட்டையோடு ஒன்று வைக்கப்படும். நீரின் விசையால் அது கீழே விழாமல் சுழன்று ஆடிக்கொண்டே இருக்கும். இதனைக் காணச் சிறுவரும் முதியவரும் வரிசையில் நிற்பர்.

பார்சிலோனாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஜிரோனா. அங்குள்ள தலைமைக் கோவிலின் நடுமண்டபம் ஏறத்தாழ 23 மீட்டர் அகலமுடையது. கோதிக் பாணித் தேவாலயங்களுள் இதுவே மிக அகன்ற நடுமண்டபம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் மலர்க்காலத் திருவிழாவில் இக்கோவிலின் நெடும்படிகளில் பூக்காட்சி அமைப்பர். அதனினும் சிறப்பானது, மற்ற நாள்களில் பூட்டியிருக்கும் தனியார் வீடுகளின் உள்முற்றங்கள் அப்போது மலர் அலங்காரத்துடன் எல்லாருக்கும் திறந்துவிடப்படுவதாகும். பூக்கள் சில நாள்களில் வாடிவிடும். அயலார் வீட்டு முற்றத்தில் அழைப்பின்றி நுழைந்து நின்ற மகிழ்ச்சி வாடுவதில்லை.

பார்சிலோனாவிலேயே, முன்பு இறைச்சிக்கூடம் இருந்த நிலம் இன்று ஒரு பூங்கா. அங்கே மிரோ படைத்த 'பெண்ணும் பறவையும்' என்னும் 22 மீட்டர் உயரச் சிற்பம் 1983 முதல் நிற்கிறது. அதன் மேற்பரப்பிலும் பதிந்திருப்பவை வண்ண ஓட்டுச் சில்லுகளே. கௌடியின் கைம்முறை அரை நூற்றாண்டிற்குப் பின் வேறொரு கலைஞரிடம் மீண்டும் உயிர்பெற்றதை இதில் காண்கிறோம்.

யாருக்கு உரியது?

அழகு பொதுவில் வைக்கப்படும்போது அதனைக் காண உலகமே வருகிறது. அதனால் புதிய சிக்கல்கள் தோன்றுகின்றன. குயெல் பூங்காவில் கூட்டம் மிகுந்தமையால் 2013ஆம் ஆண்டு முதல் அதன் முதன்மைப் பகுதிக்கு வருவோரின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு, நுழைவுக்கட்டணமும் விதிக்கப்பட்டது. அப்பகுதி மக்களுக்கு விலக்கு உண்டு. பூங்காவை ஒட்டி ஓடும் 116 எண்ணுள்ள சிறு பேருந்தில் பயணிகள் நிறைந்து, உள்ளூர் முதியோர் ஏற இயலாத நிலை உண்டானது. 2024ஆம் ஆண்டில் அப்பேருந்தின் தடம் இணையவழி வரைபடத்திலிருந்தே நீக்கப்பட்டது.

சக்ரதா பமீலியாவின் சிக்கல் இதனினும் பெரிது. அதன் முதன்மை முகப்பாகிய மகிமை முகப்பிற்கு முன்னே அகன்ற படிக்கட்டு வேண்டும் என்கிறது கட்டுமானக் குழு. அது அமையவேண்டிய இடத்திலோ மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் உள்ளன. கோவிலின் நிறைவா, குடியிருப்போரின் வீடா என்னும் வழக்கு நெடுநாளாக நீடிக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக முறையான கட்டட உரிமம் இன்றியே பணிகள் நடந்து வந்தமையும் தெரியவந்தது. 2018ஆம் ஆண்டில் நகராட்சிக்கு 3.6 கோடி யூரோவைப் பத்தாண்டுகளில் செலுத்த உடன்பாடு ஏற்பட்டு, 2019இல் உரிமம் வழங்கப்பட்டது.

இச்செய்திகளை அறிந்தபின் பயணிக்கு ஒரு கடமை உண்டாகிறது. தாம் வியந்து நிற்கும் இடம் வேறு சிலருடைய வாழிடம் என்பதை அவர் மறத்தல் கூடாது. ஊருணியில் நீரருந்த வரும் வழிப்போக்கர் அதனைக் கலக்காமல் செல்வதைப் போன்றதே நல்ல பயணம். அமைதியாக நடத்தல், பேருந்தில் முதியோருக்கு இடம் விடுதல், வழிபாட்டிடத்தில் வழிபடுவோரை இடையூறு செய்யாதிருத்தல் ஆகியன சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் பொதுவில் வைத்த அழகு பொதுவாகவே நிலைத்திருப்பது இவற்றால்தான்.

சக்ரதா பமீலியாவின் நிலவறையில் கௌடியின் கல்லறை உள்ளது. அங்கே அப்பகுதி மக்களுக்கான வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. அவர்கள் தலைக்குமேல், அவர் பிறந்ததற்குப் பல்லாண்டுகள் கழித்துப் பிறந்தோர் அவர் காணாத கோபுரங்களைக் கட்டி வருகின்றனர். கிராசியா நிழற்சாலையின் அறுகோண ஓட்டினைப் போல, அங்கு உழைத்த ஒவ்வொருவரும் தம் கைக்கு எட்டிய பகுதியை மட்டும் செய்து வைத்தனர். அடுத்த ஓட்டை வைக்க எவரேனும் வருவர் என்னும் நம்பிக்கையில் அப்பணி நடந்தது. அவ்வாறே வந்தும் கொண்டிருக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எல்லாருக்கும் பொதுவாக அமைந்த சிலை, பூங்கா, வழிபாட்டிடம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை உருவாக்கியோர், பயன்படுத்துவோர், பேணுவோர் குறித்துக் கட்டுரை எழுதுக.

2. ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டு அதன் வளைவைத் தாளில் வரைக. தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கிடைக்கும் வடிவத்தை நீங்கள் அறிந்த கட்டட வளைவுகளோடு ஒப்பிடுக.

3. 'பேராலயத்தின் படிக்கட்டிற்காகக் குடியிருப்புகளை அகற்றலாமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.